கல்லுப்பாதையில் இறங்கி ஏறியவர்

எங்கள் அத்தான் கல்லுப்பாதையில் சைக்கிள் விட்டார் என்று யாராவது சொன்னால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நேரம் அவர் சைக்கிளை விட்டு இறங்கி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எதிரே ஆள் வந்தால் இறங்குவார். முன்னால் ஆள் போனாலும் இறங்குவார். கூடைக்காரி, விறகுக்காரி, கோயில் பண்டாரம், பள்ளிக்கூடத்து வாத்தியார், கள்ளுக்கடையிலிருந்து பாதையை அளந்துகொண்டு வருகிறவன், எல்லாருக்கும் ஒரே இறக்கம்தான். வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றித் தரையில் வைப்பார். சைக்கிளை வடிகால் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தலையை லேசாகக் குனிந்து, ஆள் தாண்டிப் போகிறவரை நிற்பார். பிறகு ஏறுவார். ஏறி நாலு மிதி மிதிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடும்.

இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பெரும்பாடு. அந்தக் காலத்துச் சைக்கிளில் பின்சக்கரத்தின் அச்சில் ஒரு இரும்பு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இடது காலை வைத்து, வலது காலால் நொண்டியடித்துக்கொண்டே ஓடி, வேகம் வந்ததும் எம்பி உட்கார வேண்டும். அத்தான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே கறுப்புக் கோட்டுப் போட்டு, தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு இதைச் செய்வார். எங்கள் வீட்டிலிருந்து கடைவீதிக்குப் போவதற்குள் எத்தனை நொண்டி நொண்டுவார் என்று எண்ணியவர்கள் கிடையாது. எண்ண ஆரம்பித்தவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள்.

கடைவீதியில் எல்லாரும் அவரை மருமகப்பிள்ளை என்றார்கள். எங்கள் அப்பாவுக்கு மருமகப்பிள்ளையாக வந்தவர், வந்த கொஞ்ச நாளில் பதுளைக்கே மருமகப்பிள்ளை ஆகிவிட்டார். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நானும் இப்போது சொல்லப்போவதில்லை. அவர்மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு 'ஜவுளிக்கடையார் மகன்' என்பதற்கு மேல் ஒரு பட்டம் கிடைக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு கடல் தாண்டி இலங்கைக்கு வந்து இறங்கிய மனுசனுக்கு ஊரே உறவு கொடுத்துவிட்டது.

கல்லுப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு வேண்டிய அரிசி, உப்பு, கருவாடு, துணிமணி எல்லாம் அங்கேயிருந்து மாட்டுவண்டியில்தான் இறங்கும். தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் அதே வண்டிகளில் ஏறிப்போகும். பொழுது விடிந்து பொழுது சாய்கிறவரை ரோட்டில் வண்டி ஓயாது. முன்னால் ஒரு வண்டி குடைசாய்ந்தால், அந்த வண்டிக்காரன் பின்னால் வருகிறவனுக்குக் கத்துவான். அவன் அடுத்தவனுக்குக் கத்துவான். இப்படிச் செய்தி வண்டிக்கு வண்டி தாவிக் கடைசி வண்டிவரை போய்விடும். தந்திகூட அந்த வேகத்தில் போகாது. அந்த ரோட்டில் மழைக்காலத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை சேறு. அதனால் ஊர் எல்லையிலிருந்து கடைவீதிவரைக்கும், ரோட்டுக்கும் வடிகாலுக்கும் நடுவே, நடக்கிறவர்களுக்கென்று கச்சேரி என்கிற அரசாங்க ஆபீஸ்காரர்கள் சப்பைக்கல் பாவி ஒரு பாதை போட்டிருந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசாமல் தாண்டலாம், அவ்வளவுதான் அகலம். எங்கள் வீடு பாதையின் இந்த முனையில், கடை அந்த முனையில். ஆஸ்பத்திரி கடையையும் தாண்டி.

நடக்கிறவர்களுக்குப் போட்ட பாதையில் சைக்கிள் விடுவது சரியா என்று அந்த நாளில் யாரும் கேட்கவில்லை. சைக்கிள் வைத்திருந்தவர்களே சொற்பம். கேட்டது அத்தான் ஒருத்தர்தான், அதுவும் தன்னைத்தானே.

"இது நடக்குறவங்களுக்குப் போட்டது மாப்ள. நாம நடுவுல வந்தவங்க. நாமதான் எறங்கணும்" என்பார்.

என்னை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். வயதில் சின்னவனான எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அதுவும் எனக்குப் பிடிக்காது. மரியாதை கொடுத்தே ஒரு ஆளைத் தூரத்தில் நிறுத்திவைக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வயது.

உண்மையான காரணம் வேறு. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்கா. எனக்குத் தலை வாரியதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவள்தான். கல்லிலிருந்து எடுக்கும் முதல் தோசை எனக்குத்தான் விழும். அத்தான் வந்த மறுநாள் முதல் தோசை அவர் இலைக்குப் போனது. மாப்பிள்ளைக்கு முதலில் போடுவது முறை என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டாவது தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்தேன். அக்கா கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். மறுநாள் முதல் தோசை வந்ததும், "எனக்கு மொறுமொறுன்னு இருந்தா ஆகாது, மாப்ளைக்குப் போடு" என்று இலையைக் கையால் மூடிக்கொண்டார். எனக்கு வந்த தோசை அவர் சொல்லி வந்த தோசை. அதை எப்படித் தின்பது?

சாயங்காலமானால் அக்கா வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கல்லுப்பாதையைப் பார்ப்பாள். தூரத்தில் ஒரு உருவம் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். அவர் வந்து சேர்வதற்குள் விளக்கேற்றும் நேரமாகிவிடும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன், இதற்கு அவர் நடந்தே வந்திருந்தால் இந்நேரம் சாப்பிட்டுப் படுத்திருக்கலாம் என்று. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு இல்லை.

சைக்கிள் அவருக்கு வந்த கதை இது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போனார். தோட்டங்களுக்குத் துணி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது கடையில் அத்தானின் வேலை. அதனால் அப்பா அந்தச் சைக்கிளை வாங்கி அவரிடம் கொடுத்தார். சாயம் போன பழைய சைக்கிள். அதில் துரை வைத்திருந்த மணி மட்டும் புதிதுபோலப் பளபளத்தது. வந்த அன்றைக்கே அத்தான் அந்த மணியைக் கழற்றி, கர்ப்பமாக இருந்த அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். எழுந்திருக்க முடியாதபோது அடித்தால் யாராவது வருவார்கள் என்று.

மணி இல்லாமல் எப்படிச் சைக்கிள் விடுவீர்கள் என்று கேட்டேன்.

"தலையில சொமை வச்சிருக்கவங்க பின்னாடி மணி அடிக்கக்கூடாது மாப்ள. திடீர்னு திரும்புவாங்க. சொமை விழுந்துரும்."

அந்த மணியை அக்கா அடித்தபோதெல்லாம் முதலில் ஓடியவன் நான்தான். வீட்டில் இருந்தவன் நான்தானே. ஆனால் கதவைத் திறந்து நான் உள்ளே போனதும் அவள் கண் என் தோளுக்குப் பின்னால் பார்க்கும். அப்புறம்தான் என்னைப் பார்க்கும்.

அப்பாவை நச்சரித்து நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். கொழும்பிலிருந்து புத்தம் புதிதாக. பண்டாரவளைவரை ரயிலில் வந்து, அங்கிருந்து அரிசி மூட்டைகளுக்கு மேலே படுத்துக்கொண்டு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. வண்டிக்காரர்கள், சின்ன மொதலாளி சைக்கிளே வண்டியிலதான் போகுது என்று பாதை நெடுகச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். என் சைக்கிளில் மணி இருந்தது. அதை அடித்துக்கொண்டு நான் கல்லுப்பாதையில் போனால் ஜனங்கள் விலகினார்கள். விலகும்போது முகத்தைச் சுளித்தார்கள். அத்தானுக்கு யாரும் விலக வேண்டியதே இல்லை, ஆனாலும் அவரைப் பார்த்தால் சிரித்தார்கள். வேகத்தில் நான் அவரை எத்தனையோ தடவை முந்தினேன். முந்தி வந்து வீட்டு வாசலில் நின்றால் அக்கா, "அவரைப் பாத்தியா, எது வரைக்கும் வந்துட்டாரு?" என்று கேட்பாள்.

ஒருநாள் எனக்கும் அவரைப்போல் செய்துபார்த்தால் என்ன என்று தோன்றியது. யாருக்கும் தெரியாமல்தான் ஆரம்பித்தேன். எதிரே விறகுக்காரக் கிழவி ஒருத்தி வந்தாள். இறங்கினேன். சைக்கிளை வடிகால் பக்கம் சாய்த்தேன். தலையையும் குனிந்தேன். கிழவி தாண்டிப் போகவில்லை. கட்டோடு அப்படியே நின்று என் சக்கரத்தைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, சைக்கிளு மக்கர் பண்ணுதா? மருமகப்பிள்ளை பின்னாடி வர்றாரு, அவருகிட்ட சொல்லட்டா?"

ரோட்டில் வண்டியில் போனவன் கேட்டுவிட்டு, சின்ன மொதலாளி எறங்கிப் பழகுறாரு என்று பின்வண்டிக்குக் கத்தினான். அவன் அடுத்தவனுக்குக் கத்தினான். நான் கடைவீதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, மிட்டாய்க்கடையில் என்னை வரவேற்றது. அன்றைக்கே விட்டுவிட்டேன்.

அக்காவுக்கும் விஷயம் போயிருந்தது. "நீ ஏறத்தாண்டா கத்துக்கிட்டே. எறங்கக் கத்துக்கல" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

இன்னொரு சங்கதி. தோட்டத்துப் பக்கம் ஒரு கட்டு இருந்தது. துரை எதிரே வந்தால் நம்மவர்கள் குடையை மடக்க வேண்டும், சைக்கிளில் இருந்தால் இறங்கி நிற்க வேண்டும். டவுனுக்குள் அந்தக் கட்டு கிடையாது என்று பேச்சு, ஆனால் துரைமார்கள் டவுனிலும் அதை எதிர்பார்ப்பார்கள். நான் துரையின் குதிரையைத் தூரத்தில் பார்த்தாலே ஏதாவது சந்தில் திரும்பிவிடுவேன். இறங்காமல் தப்பித்ததில் எனக்கு ஒரு பெருமை. அத்தான் திரும்பமாட்டார், இறங்குவார். துரை திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

ஒருநாள் அப்படி ஒரு துரை தாண்டிப் போனதும், பின்னாலேயே சாணிக்கூடையோடு ஒருத்தி வந்திருக்கிறாள். அத்தான் ஏறக்கூட இல்லை, அப்படியே நின்று அவளுக்கும் தலையைக் குனிந்திருக்கிறார். எதற்கோ திரும்பிப் பார்த்த துரை அதைப் பார்த்துவிட்டார். அதே கால், அதே சாய்ப்பு, அதே குனிவு. துரையின் முகம் சிவந்துபோனதைக் கடைவீதியே பார்த்தது என்பார்கள்.

இரண்டொரு நாளில் அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி கடைக்கு வந்தார். கல்லாப்பெட்டி வைத்திருக்கும் பட்டறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். துரைக்கு மனசு சரியில்லை என்றார். தோட்டத்துக்குத் துணி கொண்டுவர உங்கள் ஆளை இனி விடுவாரோ மாட்டாரோ என்றார்.

"தொரைக்கு எறங்குறதும் சாணிக்கூடைக்கு எறங்குறதும் ஒண்ணாங்க? கொஞ்சம் சொல்லிவைங்க."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அத்தான் இன்றைக்கு மாட்டினார் என்று, பீஸ் துணியை அளப்பதுபோல் பக்கத்தில் நின்றுகொண்டேன். அப்பா அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அத்தான் கேட்டுவிட்டுக் கங்காணி பக்கம் திரும்பினார். கிண்டல் அவர் முகத்தில் துளிகூட இல்லை.

"தொரைக்கு எப்படி எறங்கணும்னு கேட்டு வந்து சொல்லுங்க கங்காணி. அது மாதிரியே எல்லாருக்கும் எறங்கிர்றேன்."

கங்காணிக்கு வெற்றிலை புரையேறியது. அப்பா சிரித்துவிட்டார். அம்மா போன பிறகு அப்பா பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவரைச் சிரிக்கவைக்க நான் எத்தனையோ செய்து பார்த்திருக்கிறேன். கையில் இருந்த கஜக்கோலை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். துரை அதற்குப் பிறகு அத்தானைத் தோட்டத்துக்குள் விட்டாரா என்றால், விட்டார். கங்காணி என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது. அத்தான் சொன்னதைத் துரையிடம் சொல்லாமலே விட்டிருப்பார் என்பது என் ஊகம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. தோட்டங்களில் சம்பளம் போட்டிருந்ததால் நாலு பக்கத்துச் சனமும் டவுனுக்கு இறங்கியிருந்தது. ரோட்டில் வண்டிக்குப் பின்னால் வண்டி. கல்லுப்பாதையில் தலைக்குத் தலை. அன்றைக்குக் காலையில் அக்காவுக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது. மருத்துவச்சி முதலில் பயப்படாதீர்கள் என்றாள். வெயில் ஏற ஏற அவள் பேச்சுக் குறைந்தது. கடைசியில் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இனித் தன் கையில் இல்லை, உடனே ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டி வாருங்கள், இல்லாவிட்டால் ரெண்டும் தங்காது என்றாள்.

அத்தான் பின்பக்கம் வெந்நீர்ப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் அவருக்காக நிற்கவில்லை. என் சைக்கிள்தான் வேகம் என்று சொன்னேனோ, நினைத்தேனோ, ஞாபகம் இல்லை. ஏறிவிட்டேன். அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒரு எண்ணம் ஓடியது. இன்றைக்கு அக்காவைக் காப்பாற்றப்போவது நான். அவள் கண் திறக்கும்போது என் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டியிருக்காது.

மணியை அடித்தேன், விடாமல் அடித்தேன். கொஞ்ச தூரம் விலகினார்கள். மாரியம்மன் கோயில் திருப்பத்தில் முன்னால் ஒரு விறகுக்கட்டு. அதே கிழவி. மணிச் சத்தம் முதுகில் விழுந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினாள். கட்டுச் சரிந்து பாதைக்குக் குறுக்கே விழுந்தது. அவளுக்குப் பின்னால் வந்த காய்கறிக் கூடையும் அதன்மேல் கவிழ்ந்தது. வெலிமடைக் கேரட்டும் லீக்ஸும் கல்லில் உருண்டன. பெண்கள் சத்தம்போட்டார்கள், கூட்டம் கூடியது. ரோட்டில் இறங்கலாம் என்றால் வண்டிகள் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி நிற்கின்றன. வழி விடுங்கள், என் அக்கா சாகக் கிடக்கிறாள் என்று கத்தினேன். என் குரல் எப்போதும் வழி விடு என்று கத்தும் குரல்தான். அன்றைக்கு மட்டும் அதில் வேறு விஷயம் இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்போது கூட்டத்தின் சத்தம் தணிந்தது. என்னோடு மல்லுக்கு நின்ற காய்கறிக்காரி என்னை விட்டுவிட்டு என் பின்னால் பார்த்தாள்.

ரோட்டில் பின்னாலிருந்து ஒரு வண்டிக்காரன் கத்தினான். "மருமகப்பிள்ளை எறங்காம வர்றாரு!"

அடுத்த வண்டிக்காரன் அதை வாங்கினான். எறங்காம வர்றாரு. அடுத்தவன். அடுத்தவன். என்னைத் தாண்டி அந்தச் செய்தி கடைவீதியைப் பார்த்து ஓடியது. என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அந்த மனுசன் இறங்கவில்லை என்பதிலேயே எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வண்டிக்காரர்கள் மாடுகளை மூக்கணாங்கயிற்றோடு ஓரத்துக்கு இழுத்தார்கள். பெண்கள் கூடையோடு வடிகாலுக்குள் இறங்கி நின்றார்கள். எனக்காக நகராத விறகுக்கட்டை அந்தக் கிழவியே ஆட்டைக் காலைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்து அப்புறப்படுத்தினாள். காய்கறிக்காரி கேரட்டை அப்படியே விட்டுவிட்டு ஒதுங்கினாள். பாதை நேராக, வெறுங்கல்லாக, கடைவீதி தெரியும்வரை திறந்துகிடந்தது.

நடுவில் நான் ஒருத்தன்தான் நின்றேன்.

என் சைக்கிள்தான் வேகமான சைக்கிள். பாதை திறந்துவிட்டது. ஏறி மிதித்தால் நானே முன்னால் போகலாம். ஆனால் முளையில் கால் வைத்து, நொண்டி, எம்பி ஏறி வேகம் பிடிப்பதற்குள் அவர் என் முதுகில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார். அதைக் கணக்குப் போட்டேன் என்று சொன்னால் பொய். கை தானாகச் சைக்கிளை இழுத்தது. வடிகாலுக்குள் இறங்கிவிட்டேன். முழங்கால்வரை தண்ணீர். அவர் என்னைத் தாண்டிப் போனார். முண்டாசு அவிழ்ந்து தோளில் கிடந்தது. என் பக்கம் அவர் முகம் திரும்பவே இல்லை. அக்கா பிழைக்க வேண்டும் என்று ஊர்த் தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும், அவர் முதுகைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

அவருக்காகத் திறந்த வழி மூடவில்லை. வண்டிக்காரர்கள் ஒதுங்கிக் கொடுத்த ரோட்டில் டாக்டரின் குதிரைவண்டி திரும்பி வந்தது. ஒரு துரைகூடக் குதிரையை ஓரங்கட்டி நின்றார் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. நம்பவும் எனக்கு இஷ்டமில்லை. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அக்கா பிழைத்தாள்.

மறுநாள் அத்தான் சைக்கிளை எடுக்கவில்லை. கல்லுப்பாதையில் நடந்து போனார். நேற்று அங்கே நின்ற ஒவ்வொருத்தரிடமும் போய், நேற்று இறங்காமல் போய்விட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். விறகுக்காரக் கிழவியைத் தேடி அவள் குடிசைக்கே போயிருக்கிறார். அவள் அழுதுவிட்டாளாம். வண்டிக்காரர்களிடம் ரோட்டு நடுவில் நின்று சொல்லியிருக்கிறார். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் இதே பேச்சு.

நான் காத்திருந்தேன். பட்டறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் வந்து சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். கொஞ்சம் மிடுக்காக, பரவாயில்லை அத்தான் என்று. அவர் கடைக்கு வந்தார். துணிகளை எடுத்து அடுக்கினார். சாப்பிடப் போனார். திரும்பி வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் மன்னிப்புக் கேட்ட மனுசனுக்கு, வடிகாலில் முழங்கால் தண்ணீரில் நின்ற மச்சினன் ஞாபகத்துக்கு வரவில்லை. சாயங்காலம் ஆகும்போது எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் அக்கா என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அறையில் குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். உதடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. நான் உள்ளே போனேன். அவள் கண் என் தோளுக்குப் பின்னால் போகவில்லை, நேராக என் முகத்தில் நின்றது. கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கக் கத்துக்கிட்டியாமேடா."

நான் குனிந்து குழந்தையைப் பார்த்தேன்.

"ஊரு சனமெல்லாம் அவருக்காக எறங்குச்சு. நீ எனக்காகல்ல எறங்குனே."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் சைக்கிளை மிதித்தேன் என்று அப்போது தெரிந்தது. சின்னப் பையன்போல அவள் பாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் உலகத்தில் அவளும் நானும்தான் இருந்தோம். பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன், இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று.

"வேற யாரு? அவருதான் சொன்னாரு. எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டீங்க, தம்பிகிட்டக் கேக்கலியான்னேன். மாப்ள எனக்கா எறங்குனாரு, அவங்க அக்காவுக்கு எறங்குனாரு, நான் போயி மன்னிப்புக் கேட்டா அதை எனக்குன்னு எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னாரு."

குழந்தை அழ ஆரம்பித்தது. அக்கா அதன் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைப் பற்றி யாரும் சொல்லாத ஒரு நல்ல வார்த்தை. அதையும் அந்த மனுசன்தான் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. வண்டிகள் குறைந்தன. அப்பா போனார். கல்லுப்பாதையில் பல கற்கள் பெயர்ந்துபோயின. நாங்கள் இருவரும் சைக்கிளை விடவில்லை. நான் வீட்டிலிருந்து கடைக்குப் போவேன், அவர் கடையிலிருந்து வீட்டுக்கு வருவார், பாதையில் எங்கேயாவது எதிரெதிரே சந்திப்போம். தூரத்தில் அவர் முண்டாசு தெரிந்ததுமே நான் தயாராகிவிடுவேன். பிரேக்கைப் பிடிப்பேன், காலைப் பின்பக்கம் தூக்குவேன். கால் தரையில் படும்போது நிமிர்ந்து பார்த்தால் அவர் ஏற்கெனவே இறங்கி, சைக்கிளை வடிகால் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

அவர் இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட என்னால் அவருக்கு முந்தி இறங்க முடியவில்லை.